வாய்க்கு ஒரு பொட்டு

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபது. பத்தரைக்கு ராகுகாலம்.

அனந்தராமன் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இடது கையில் சந்தனக் கிண்ணம். பானெட்டில் ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு, ஸ்டியரிங்குக்கு ஒன்று. கடைசியாகப் பின்பக்கம் போனார். பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவில் ஒரு உருண்டை சந்தனத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அதன் மேல் குங்குமம்.

“வாய்க்கு ஒண்ணு” என்றார்.

டேங்க் மூடி அவருக்குக் காரின் வாய். சாப்பாடு போகிற வழி.

“ஏன்னா, ஏறுங்கோ. ராகுவும் சேர்ந்து ஏறிக்கப் போறான்” என்றாள் ஜானு. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

அனந்தராமன் கிண்ணத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். திரும்பி வரும்போதும் வைக்க வேண்டும் அல்லவா. முன் சீட்டு காலியாக இருந்தாலும் அவர் பின்னால்தான் உட்காருவார். டிரைவர் வைத்திருந்த காலத்துப் பழக்கம். இன்று முன் சீட்டில் மகன் ஹரிநாராயணன் இருந்தான். பெங்களூரிலிருந்து நேற்று வந்தவன். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவான். அதற்குள் காரை விற்றுவிட வேண்டும் என்று வந்திருந்தான்.

“அம்மா, கிளட்ச்சை மெதுவா விடு” என்றான்.

ஜானு கிளட்ச்சை விட்டாள். கார் எஸ்.எஸ். காலனியை விட்டுக் குலுங்காமல் கிளம்பியது.

அந்தக் காரை அனந்தராமன் வேலையில் இருந்தபோது வாங்கினார். அப்போதே பழையது. ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. சோலை என்று ஒரு டிரைவர் இருந்தான். அவன் கால் டாக்ஸிக்குப் போனபின் கார் உறை போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. ஜானு சமயநல்லூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலைக்காலம் முழுவதும் பஸ்ஸில், பாதி நாள் நின்றுகொண்டே போய் வந்தவள். ஓய்வு பெற்ற மறு மாதம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். வீட்டுக்கு வந்து உறையை உரித்தாள்.

அதற்குப் பிறகு அழகர்கோயில் போனாள். சோழவந்தான் போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு காரணமும் இல்லாமல் திருமங்கலம் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு அறுபது வயதில்தான் தெரிந்தது.

அனந்தராமனுக்குப் பயம். சோலை ஓட்டிய காலத்தில் பானெட்டில் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்வார். ஜானு ஓட்ட ஆரம்பித்தபின் பொட்டுகள் பெருகின. சக்கரங்களுக்குப் போயின. வாய்க்கும் போயிற்று.

கார் நிற்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

ஊருக்குள் நிற்காது. மார்க்கெட்டுக்குப் போனால் நிற்காது. அரை மணி நேரம் ஓடிச் சூடாக வேண்டும். அப்புறம் விக்கல் எடுத்தவன் போல ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. நின்றுவிடும். எவனாவது வந்து எதையாவது நோண்டினால் கிளம்பும்.

அரசரடி நல்லகாமன் பட்டறையில் நான்கு முறை விட்டாயிற்று. பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டினார். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் காளவாசல் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நமக்கு நிக்கலையே டீச்சர்.”

“காளவாசலுக்குள்ள நிக்காது. அதைத்தானே சொல்லிண்டிருக்கேன்.”

“கிளட்ச்ச மட்டும் கொஞ்சம் பொறுமையா விட்டுப் பாருங்க.”

நாலாவது கியரில் நேராக ஓடுகிற வண்டியில் கிளட்ச் எங்கே வந்தது என்று அவள் கேட்டாள். நல்லகாமன் மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை.

இன்று டி. கல்லுப்பட்டிக்குப் போகிறார்கள். அங்கே அசோக்குமார் என்று ஒருவர் கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிறவர். காரைப் பார்க்கக் கேட்டிருந்தார். ஹரி நேற்றே அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

“அவர் எடுத்துண்டார்னா கொடுத்துடலாம். வேண்டாம்னுட்டார்னா நான் இந்த வண்டிப் பேச்சையே எடுக்கலை. நீயாச்சு, உன் காராச்சு.”

“வேண்டாம்னா விட்டுடுவியா?”

“விட்டுடறேன். சத்தியமா. ஆனா நடுரோட்ல நிக்கற வண்டியை ஓட்டிண்டு நீ தனியாப் போறதை நினைச்சா எனக்கு அங்கே வேலை ஓடலை.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

திருப்பரங்குன்றம் தாண்டியது. திருநகர் தாண்டியது. வெயில் ரோட்டில் தண்ணீர் போல மிதந்தது. கப்பலூர் டோல்கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கார் ஒரு முறை இழுத்தது.

“வேண்டாம்” என்றாள் ஜானு, காரிடம்.

கார் இன்னொரு முறை இழுத்தது. என்ஜின் அடங்கியது. அவள் சிக்னல் போட்டு, ஓடுகிற வேகத்திலேயே ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்தாள்.

“கிளட்ச்சை மிதிச்சியா?” என்றான் ஹரி.

“இல்லை.”

“காலை அது மேலயே வெச்சிண்டிருந்தியா?”

“ஹரி, என் கால் எனக்குத் தெரியும்.”

“ராகுகாலத்துல நின்னுடுத்து” என்றார் அனந்தராமன் பின்னாலிருந்து. “ஆனா கிளம்பினது முன்னாடி. அதனால பெரிசா ஒண்ணும் ஆகாது.”

ஹரி இறங்கிப் பானெட்டைத் திறந்தான். அவன் செய்கிற வேலைக்கும் என்ஜினுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் போன வாரம் முழுக்க இதைப் பற்றி வீடியோ பார்த்திருந்தான்.

“சூட்டுல பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாயிடறது. பம்ப் மேல ஈரத் துணி போட்டா சரியாயிடும். அப்பா, உங்க துண்டைக் கொடுங்கோ.”

“இது புதுசுடா.”

“அப்பா.”

அனந்தராமன் தோளிலிருந்து துண்டை எடுத்து, அதை ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஹரி பாட்டில் தண்ணீரில் நனைத்துப் பம்ப்பில் சுற்றினான். சாவியைத் திருப்பினான். என்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை.

எதிரே புளியமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெட்ரோல் இருக்கா சாமி?”

“இருக்கும்மா.”

“பாத்தீகளா, இல்ல சும்மா சொல்றீகளா? போன வாரம் ஒருத்தன் இப்படித்தான். டப்பா காலி. வண்டியப் போட்டு அந்த அடி அடிக்கான்.”

காரின் பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது. ஹரி கோபத்தோடு அப்பாவின் இடுப்புச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனான். மூடியைத் திறந்தான். காருக்குள் உட்கார்ந்திருந்த ஜானுவுக்குப் பின்பக்கம் ‘உஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஹரி வேப்பங்குச்சி ஒன்றை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தான்.

“பாதி டேங்க் இருக்கு” என்று நுங்குக்காரிக்குக் கேட்கும்படி சொன்னான். மூடிப் பூட்டினான். முன்னால் வந்து துண்டை இன்னொரு முறை நனைத்துப் போட்டான். “இப்போ போடும்மா.”

முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்தது.

“பாத்தியா? சூடுதான். ஈரத் துணி போட்டதும் எடுத்துண்டுடுத்து” என்றான் ஹரி. “நீ தள்ளிக்கோ. நான் ஓட்டறேன்.”

“ஏன்?”

“அம்மா, அவர் முன்னாடி இப்படி நிக்கக் கூடாது. ப்ளீஸ்.”

ஜானு இறங்கிச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறினாள். நுங்குக்காரி சிரித்தாள். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

ஹரி நன்றாகவே ஓட்டினான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஓட்டுவதோடு நிறுத்தவில்லை.

“பார், காலை எங்க வெச்சிருக்கேன் பார். கிளட்ச்சுக்குப் பக்கத்துலயே இல்லை.”

“பாத்தேன்.”

“ஆக்ஸிலரேட்டரை ஒரே சீரா மிதிக்கணும். நீ விட்டு விட்டு மிதிக்கறே.”

“அப்படியா?”

“குத்தமா சொல்லலை. வயசாகி ஓட்டக் கத்துண்டா எல்லாருக்கும் அப்படித்தான்.”

“ஹரி சொல்றதைக் கேட்டுக்கோ ஜானு” என்றார் அனந்தராமன்.

ஜானு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். திருமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டைத் தாண்ட நேரமாயிற்று. கரும்புச்சாறு வண்டி ஒன்று குறுக்கே வந்தது. ஒரு மினி பஸ் நடுரோட்டில் ஆளை இறக்கியது. கார் நிற்கவில்லை. ஹரி மெதுவாக விசிலடித்தான். ஊரைத் தாண்டினார்கள். இரண்டு பக்கமும் கரிசல். பருத்திச் செடி பிடுங்கிய வெறும் நிலம்.

நிற்கட்டும் என்று ஜானு நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். மறுபடியும் நினைத்தாள்.

கார் ஒரு முறை இழுத்தது.

விசில் நின்றது.

இன்னொரு இழுப்பு. என்ஜின் அடங்கியது. காரின் டயர் மட்டும் கொஞ்ச தூரம் சரளையில் நொறுநொறுவென்று ஓடி நின்றது.

“கிளட்ச்சை மிதிச்சியா?” என்றாள் ஜானு.

ஹரி கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். பானெட்டைத் தூக்கினான். துண்டு காய்ந்து கறுப்பாகப் பம்ப்பில் ஒட்டியிருந்தது. மிச்சத் தண்ணீரை ஊற்றினான். சாவியைத் திருப்பினான். இல்லை. மறுபடி. இல்லை. பேட்டரி முனகியது.

“வண்டியே வேஸ்ட்” என்றான். “யார் ஓட்டினாலும் நிக்கறது.”

“இதை அந்த நல்லகாமன்கிட்டச் சொல்றியா?”

“அம்மா, இப்போ என்னைப் படுத்தாதே.” போனை எடுத்தான். சிக்னல் தேடிக்கொண்டு தூரத்து வேப்பமரத்துக்கு நடந்தான். “அசோக்குமாரை இங்கேயே வரச் சொல்றேன். அவர் வர்றதுக்குள்ள ஆறிடும்.”

அனந்தராமன் காலிப் பாட்டிலோடு இறங்கினார். வயலுக்குள் ஒரு பம்ப்செட் ஓடுகிற சத்தம் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹரி திருப்பிக் கொடுத்திருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து ஜானுவிடம் நீட்டினார்.

“வெச்சுக்கோ. வரப்புல விழுந்துடும்.”

ஜானு தனியாக நின்றாள். வெயில் உச்சந்தலையில் அடித்தது. கார் குற்றம் செய்த பிள்ளை போல முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

அவள் இதுவரை ஒரு முறைகூட டேங்க் மூடியைத் திறந்ததில்லை. பெட்ரோல் போடுவது அனந்தராமன் காரியம். சாவி அவர் இடுப்பில். இப்போது கையில் சாவி இருந்தது. வேறு வேலையும் இல்லை. பின்னால் போய்த் திறந்தாள்.

‘உஸ்’.

காற்று வெளியே வரவில்லை. உள்ளே போயிற்று. மூடி கையை விட்டு வரமாட்டேன் என்று ஒரு நொடி இழுத்துப் பிடித்தது. அப்புறம் விட்டது.

வெந்நீரை ஊற்றி இறுக மூடி வைத்த எவர்சில்வர் டப்பாவை ஆறியபின் திறந்தால் இப்படித்தான் இருக்கும். அவள் அசையாமல் நின்றாள். கப்பலூரில் இந்தச் சத்தம் கேட்டது. அதற்கு முன் சோழவந்தான் ரோட்டில் லாரிக்காரன் அனந்தராமனிடம் சாவி வாங்கித் திறந்தபோது கேட்டது. நின்ற வண்டியிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது பெட்ரோல் இருக்கா என்பது. கேட்டதும் திறப்பது இதை. அப்புறம்தான் பானெட்டுக்குள் கையை விட்டு எதையாவது ஆட்டுவார்கள். கார் கிளம்பும். ஆட்டியதால் கிளம்பியது என்பார்கள்.

முன்னால் வந்து சாவியைத் திருப்பினாள். என்ஜின் உடனே பிடித்தது. உடனே அணைத்தாள்.

“எடுத்துண்டுடுத்தா?” என்று ஹரி மரத்தடியிலிருந்து கத்தினான்.

“எடுத்துண்டுடுத்து.”

“ஆறியிருக்கும். நான் சொன்னேனோல்லியோ!” மறுபடி போனுக்குத் திரும்பிக்கொண்டான்.

ஜானு மூடியைக் கையில் வைத்துப் பார்த்தாள். மேலே இன்று காலை வைத்த சந்தனம். அதற்குக் கீழே போன வெள்ளிக்கிழமைச் சந்தனம். அதற்குக் கீழே அதற்கு முந்தியது. சுவரில் சுண்ணாம்பு போலப் பாளம் பாளமாக இருந்தது. நகத்தால் பெயர்த்தாள். சாவித் துளைக்குப் பக்கத்தில், நடுவில், ஒரு ஊசித் துவாரம். அதுவும் அடைத்திருந்தது. தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து நிமிர்த்திக் குத்தினாள். குக்கர் மூடித் துவாரத்தில் பருப்பு அடைத்துக்கொண்டால் குத்துகிற அதே குத்து. மஞ்சளாகத் தூள் கொட்டியது. இன்னும் குத்தினாள். வாயருகே வைத்து ஊதினாள். காற்று போயிற்று. உதட்டில் பெட்ரோலும் சந்தனமும் சேர்ந்து கசந்தது.

பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அது வருகிற ஒரே வழியை அவர் வெள்ளிக்கிழமைதோறும் கட்டைவிரலால் அழுத்தி அடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஓட்டுகிறாளே என்ற பயத்தில். சூடும் இல்லை, ஆவியும் இல்லை. அவள் ஓட்ட ஆரம்பித்தபின்தான் கார் நிற்கிறது என்று எல்லாரும் சொன்னது சரிதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு சந்தோஷம். இனி இது நிற்காது. அழகர்கோயில் என்ன, ராமேஸ்வரம் வரைக்கும் நிற்காது. மூடியை மாட்டிப் பூட்டினாள். ஹரியைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

ஒரு புல்லட் வந்து காரின் பக்கத்தில் நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். காரை ஒரு சுற்று சுற்றினார். கதவை மூடித் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

ஹரி ஓடிவந்தான். “அசோக்குமார் சாரா? வாங்க. சும்மா நிழலுக்காக நிறுத்தினோம்.”

அசோக்குமார் மேலே பார்த்தார். நிழல் இல்லை.

“அண்ணே, நல்லகாமன் நம்ம மாப்ளதான். எல்லாம் சொல்லிட்டாரு. சூடானா நின்னுருமாம்ல?”

“அது... அம்மா ஓட்டினா சில சமயம் நிக்கும். அவ்வளவுதான்.”

ஜானு மகனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“எனக்குக் கல்யாண வண்டி வேணும்ணே. பொண்ணு மாப்பிள்ளைய வச்சு ஊர்கோலம் போகையில நடுத்தெருவுல நின்னுச்சுன்னா, மேளக்காரன் வாசிக்கிறத விட்டுட்டுச் சிரிப்பான். அம்புட்டுப் பேரு முன்னால என் மானம் போயிரும். அதனால நான் ஓட்டிப் பாக்குறேன். கல்லுப்பட்டி தாண்டிப் பேரையூர் வரைக்கும் போயிட்டுத் திரும்புவேன். நிக்காம வந்துச்சுன்னா இன்னைக்கே எடுத்துக்கிறேன். ஒரு தடவ நின்னாலும் வேணாம். கோவிச்சுக்கிடக் கூடாது.”

“தாராளமா” என்றான் ஹரி. குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

அசோக்குமார் ஜானு பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்கதான் டீச்சரா? இதைத் தினமும் ஓட்டுறது நீங்கதானே. நீங்க சொல்லுங்க. நிக்குமா, நிக்காதா?”

ஊக்கு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. நுனியில் மஞ்சள். அதை நீட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹரி வாயடைத்துப் போவான். நல்லகாமன் இனி அப்படிச் சிரிக்க மாட்டார். அவள் காலில் தப்பில்லை, கிளட்ச்சில் தப்பில்லை என்று நாலு பேருக்குத் தெரியும். கார் பேரையூர் போய்த் திரும்பி வந்து, கல்லுப்பட்டியிலேயே தங்கிவிடும். அவள் திருமங்கலத்தில் பஸ் மாறி வீட்டுக்குப் போவாள்.

“ஓட்டிப் பாருங்கோ” என்றாள்.

வரப்பிலிருந்து அனந்தராமன் ஏறிவந்தார். வேட்டியெல்லாம் முள். கையில் தண்ணீர் பாட்டில். புது ஆள் டிரைவர் சீட்டில் உட்காருவதைப் பார்த்ததும் அவர் நடை வேகமானது. காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் நின்றார்.

“அடடா. உதிர்ந்துடுத்தே.”

பைக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்துத் திறந்தார். பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு தண்ணீர் விட்டுக் கட்டைவிரலால் குழைத்தார். சந்தனம் இளகி உருண்டது. அசோக்குமார் ஹார்னை அடித்துப் பார்த்தார். ஹரி முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

ஜானு டேங்க் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள். வெயிலில் அது சுட்டது. கையை எடுத்தால் துவாரம் மறுபடி அடையும், பேரையூர் வழியில் கார் நிற்கும், அவளிடமே திரும்பி வரும். அவள் எடுக்கவில்லை.

அனந்தராமன் கட்டைவிரலில் சந்தனத்தோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஜானு, முன்பின் தெரியாதவர் ஓட்டப் போறார். வாய்க்கும் ஒண்ணு வெச்சுடட்டுமா?”